ஏப்ரல் மாதத்துக் கோபம்

அமெரிக்கப் பேஸ்பால் ரசிகர்களிடையே ஆண்டுதோறும் ஏப்ரலில் தவறாமல் நடந்தேறும் சடங்கு ஒன்று உண்டு. முந்தைய ஆண்டு தோல்விகளைவிட மிகுதியான வெற்றிகளைப் பெற்ற ஓர் அணி, புதிய பருவத்தின் முதல் இருபது ஆட்டங்களில் பன்னிரண்டில் தோற்றுவிடும். உடனே, மேலாளரை விரட்டு என்ற கூக்குரல் எழும். சென்ற ஆண்டு எவன் பெயர் பொறித்த சட்டையை அணிந்து திரிந்தார்களோ, அவனையே பெயர் சொல்லி ஏசுவார்கள். இதற்கு எதிர்முனையில் இன்னொரு கூட்டம் எழுந்து, உண்மையான ரசிகன் பொறுத்திருப்பான் என்று உபதேசம் செய்யும்.

இரண்டு தரப்பும் தவறு என்பதே என் வாதம். முதல் தரப்பினர் தவறான மாதத்தில், தவறான மனிதர்மீது கோபம் கொள்கிறார்கள். இரண்டாம் தரப்பினர் கோபமே கூடாது என்று சொல்லி, கோபத்துக்கு உரியவரைத் தப்பவிடுகிறார்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் பேஸ்பாலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். யேல் பல்கலைக்கழகத்தில் மறுமலர்ச்சிக் கால இலக்கியம் கற்பித்து, பின்னர் அதன் தலைவராகவும் இருந்த பார்ட் ஜியமாட்டி, 1989இல் இந்த விளையாட்டின் ஆணையராகப் பொறுப்பேற்றார். ஐந்தே மாதங்களில் மாரடைப்பால் மறைந்தார். பெர்னார்ட் மாலமுட்டின் முதல் நாவல் ஒரு பேஸ்பால் வீரனைப் பற்றியது. டான் டெலில்லோ தம் பெருநாவல் ஒன்றை 1951ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஓர் ஆட்டத்தில் தொடங்குகிறார். தோற்றவர்களை ஒரு சமூகம் எப்படி நடத்துகிறது என்பது இலக்கியத்துக்கு எப்போதும் உரிய பொருள்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். முப்பது அணிகள். ஒவ்வோர் அணிக்கும் பருவத்துக்கு 162 ஆட்டங்கள். மார்ச் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதிவரை ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். இவ்வளவு நீண்ட பயணத்தில் தோல்வி என்பது அன்றாடச் சோறு. 116 வெற்றிகள் பெற்று, 1906ஆம் ஆண்டுச் சிகாகோ கப்ஸ் அணியின் சாதனையைச் சமன் செய்த 2001ஆம் ஆண்டுச் சியாட்டில் மரினர்ஸ் அணியும் 46 முறை தோற்றது. 2024இல் 121 தோல்விகளோடு நவீன காலத்தின் மிக மோசமான பெயரெடுத்த சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியும் 41 முறை வென்றது. முதலிடத்துக்கும் கடையிடத்துக்கும் இடையே இருக்கும் தொலைவு, ஓரிரு வாரங்களில் கண்ணுக்குத் தெரிகிற தொலைவன்று.

பருவத்தில் 90 ஆட்டங்களை வெல்லும் தகுதியுடைய நல்ல அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வோர் ஆட்டத்தையும், வெற்றிப் பக்கம் சற்றே சாய்ந்த நாணயத்தைச் சுண்டுவதுபோல எண்ணிக் கணக்கிட்டால், ஏதேனும் இருபது ஆட்டங்களில் அது எட்டோ அதற்குக் குறைவாகவோ மட்டும் வெல்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. இத்தகைய அணிகள் பத்து இருந்தால், அவற்றுள் ஒன்றிரண்டுக்கு இந்த அவலம் நேர்வது இயல்பு. ஜூலையில் நேர்ந்தால் எவரும் பொருட்படுத்துவதில்லை; முந்தைய வெற்றிகளின் நிழலில் அது மறைந்துவிடுகிறது. ஏப்ரலில் நேர்ந்தால் அதுவே அணியின் முகமாகிவிடுகிறது. முதல் பக்கத்தில் அச்சுப்பிழை இருந்தால் புத்தகமே பிழை என்று மூடிவைப்பவரை என்னென்பது?

தனி வீரனுக்கும் இதே நியாயம்தான். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை பந்தை அடித்து முதல் தளத்தை எட்டுபவன் இந்த விளையாட்டில் தேர்ந்தவன். ஏழு முறை தோற்பவன் என்பதே அதன் மறுபக்கம். 1951 மே மாதம் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்கு வந்து சேர்ந்த இருபது வயது வில்லி மேய்ஸ், முதல் பன்னிரண்டு வாய்ப்புகளில் ஒன்றையும் அடிக்கவில்லை. பிறகு வாரன் ஸ்பான் வீசிய பந்தில் ஒரு ஹோம் ரன். அதன்பின் மீண்டும் வறட்சி. அந்த அணியும் முந்தைய ஆண்டு 86 ஆட்டங்களை வென்றுவிட்டு, அந்த ஏப்ரலில் தொடர்ந்து பதினொரு ஆட்டங்களில் தோற்றிருந்தது. மேலாளர் லியோ டுரோசர் இளைஞனை வெளியே உட்காரவைக்கவில்லை. ஆண்டு முடிவில் மேய்ஸ் சிறந்த புதுவரவு விருதைப் பெற்றார். அணி தன் லீகின் பட்டத்தை வென்றது. எதிரணியின் சைகைகளைத் தொலைநோக்கி வைத்து ஒற்றறிந்தார்கள் என்ற கறை, அரை நூற்றாண்டு கழித்து அந்த வெற்றியின்மீது படிந்தது உண்மையே. ஆயினும் மேய்ஸின் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எந்தத் தொலைநோக்கியும் காரணமில்லை.

*

இனி, ஏப்ரல் கோபத்துக்குத் தக்க பாடமாக நிற்கும் ஓர் அணியைப் பார்ப்போம். 2018இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 82 வெற்றி, 80 தோல்வி. அந்தக் குளிர்காலத்தில் அதன் நட்சத்திரம் பிரைஸ் ஹார்ப்பர், 13 ஆண்டுகளுக்கு 33 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். 2019 ஏப்ரல் தொடக்கத்திலேயே டிரே டர்னர் விரல் முறிந்து படுத்தார். ஆந்தனி ரெண்டனுக்கு முழங்கையில் அடி. ஹுவான் சோட்டோவுக்கு முதுகுவலி. ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து வீச வேண்டிய மாற்றுப் பந்துவீச்சாளர்களோ, கையிலிருந்த வெற்றிகளை ஒவ்வொன்றாகக் கைநழுவவிட்டார்கள். மே 23 அன்று நியூயார்க்கில் மெட்ஸ் அணியிடம் நான்காம் நாளும் தோற்றபோது கணக்கு: 19 வெற்றி, 31 தோல்வி.

மேலாளர் டேவ் மார்ட்டினஸின் தலையைக் கேட்காதவர்கள் அந்நகரில் குறைவு. (நமக்குப் பழகிய கிரிக்கெட்டில் களத்துக்குள் நின்று தலைவன் செய்யும் முடிவுகளை, இங்கே களத்துக்கு வெளியே அமர்ந்திருக்கும் மேலாளர் செய்கிறார். ஆகவே பழியும் அவருக்கே.) மே மாதத் தொடக்கத்தில் பந்துவீச்சுப் பயிற்சியாளர் டெரெக் லில்லிக்விஸ்ட் நீக்கப்பட்டிருந்தார். பசித்த கூட்டத்துக்கு எறியப்பட்ட முதல் கவளம் அது. அதன் பின்னும் மூன்று வாரம் தோல்விகளே மிகுந்தன. விரல் முறிந்தவனுக்கும் பயிற்சியாளருக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை.

நிர்வாகம் மார்ட்டினஸை நீக்கவில்லை. காயம்பட்டவர்கள் திரும்பினார்கள். மீதமிருந்த 112 ஆட்டங்களில் அணி 74இல் வென்றது. அந்தச் செப்டம்பரில் ஓர் ஆட்டத்தின் நடுவே நெஞ்சுவலி கண்டு மார்ட்டினஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சில நாள்களில் திரும்பி வந்து மீண்டும் அதே இருக்கையில் அமர்ந்தார். அக்டோபர் முதல் நாள் மில்வாக்கிக்கு எதிரான ஒற்றை ஆட்டத்தில், எட்டாம் இன்னிங்ஸில் 3-1 எனப் பின்தங்கியிருந்த நிலையில், சோட்டோ அடித்த அடியில் மூவர் ஓடி வந்தார்கள். அக்டோபர் 30 அன்று ஹூஸ்டனில் உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தை வென்றார்கள். 1924க்குப் பின் அந்நகரத்துக்குக் கிடைத்த முதல் பட்டம். மே மாதத்தில் ஏசிய அதே வாய்கள் நவம்பரில் ஊர்வலத்தின் இருமருங்கும் நின்று வாழ்த்தின. அவர்களில் எத்தனை பேருக்குத் தாம் கேட்ட தலை நினைவிருந்ததோ!

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. வலுவான மறுப்பு; ஆகவே அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021இல் இதேபோல் 82 ஆட்டங்களை வென்ற ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ், 2022இல் 22 வெற்றி, 29 தோல்வி என்று தள்ளாடியபோது, ஜூன் 3 அன்று மேலாளர் ஜோ ஜிரார்டியை நீக்கியது. அதன்பின் 65 வெற்றி, 46 தோல்வி. உலகத் தொடர்வரை போனது. 'பார்த்தீர்களா, தலையை எடுத்தால் வழி பிறக்கிறது' என்பார்கள். ஜிரார்டியின் இடத்துக்கு வந்த ராப் தாம்சன் யார்? அதுவரை அவருக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்த துணைப் பயிற்சியாளர். ஆடியவர்களும் பெரும்பாலும் அதே வீரர்கள். மேலாளரை வைத்துக்கொண்ட வாஷிங்டனும் மீண்டது. நீக்கிய ஃபிலடெல்ஃபியாவும் மீண்டது. இரண்டுக்கும் பொதுவானது என்ன? முந்தைய குளிர்காலத்தில் உரிமையாளர்கள் பணம் செலவிட்டு, வெல்லத்தக்க அணியைக் கட்டியிருந்தார்கள். ஏப்ரலில் நாம் காண்பது அலை. ஆழத்தைத் தீர்மானித்தவர்கள் டிசம்பரிலேயே தீர்மானித்துவிட்டார்கள்.

*

ஆகவே என் கேள்வி இது: ஏப்ரலில் கத்துகிறவர்கள் டிசம்பரில் எங்கே இருந்தார்கள்?

1997 அக்டோபரில் ஃபுளோரிடா மார்லின்ஸ் உலகத் தொடரை வென்றது. உரிமையாளர் வேய்ன் ஹைசெங்கா, நட்டம் என்று சொல்லி, வென்ற அணியைச் சில்லறையாக விற்கத் தொடங்கினார். கெவின் பிரவுன், மோய்சஸ் அலூ, ராப் நென், அல் லைட்டர் என்று வரிசையாகப் போனார்கள். 1998 பருவத்தில் 54 வெற்றி, 108 தோல்வி. பட்டம் வென்ற மறு ஆண்டே நூறு தோல்விகளைக் கண்ட முதல் அணி அது. மேலாளர் ஜிம் லேலண்ட் அதே மனிதர்தான். அவருடைய அறிவு ஆறே மாதங்களில் மழுங்கிவிடவில்லை. அவர் கையிலிருந்த மரத்தைப் பிடுங்கிக்கொண்டு, கதவு எங்கே என்று கேட்டால் தச்சன் என்ன செய்வான்?

ஓக்லண்டில் நடந்தது இதனினும் கொடிது. 2021இல் அத்லெட்டிக்ஸ் 86 ஆட்டங்களை வென்றது. 2022 மார்ச் 12 தொடங்கி ஏப்ரல் 3 வரை, ஏறத்தாழ மூன்று வாரங்களில், கிறிஸ் பாசிட், மேட் ஓல்சன், மேட் சாப்மன், ஷான் மனையா ஆகிய நால்வரும் வெவ்வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஆண்டு 102 தோல்விகள். அடுத்த ஆண்டு 112. அரங்கம் காலியாயிற்று. காலி அரங்கத்தைக் காட்டியே, இந்த ஊரில் ஆதரவில்லை என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. கிணற்றைத் தூர்த்துவிட்டு, ஊரில் தாகமே இல்லை என்று சாட்சி சொல்வதைப் போன்றது இது.

இங்கேதான் பொறுமை உபதேசிகளின் வேதம் பல்லிளிக்கிறது. 'உண்மையான ரசிகன் எதையும் பொறுப்பான்' என்ற வாக்கியத்தைக் கேட்டு மகிழ்பவர் உரிமையாளர் ஜான் ஃபிஷர் ஒருவராகத்தான் இருக்க முடியும். ஓக்லண்ட் ரசிகர்கள் பொறுக்கவில்லை. 2023 ஜூன் 13 அன்று, வராமல் இருப்பதற்குப் பதிலாக வந்து நிறைப்பது என்று முடிவு செய்து, 27,759 பேர் திரண்டார்கள். அந்தப் பருவத்தின் சராசரி வருகை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியது என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். 'விற்றுவிடு' என்று பச்சைச் சட்டைகளில் பொறித்துக்கொண்டு, ஆட்டம் முழுவதும் அதையே முழங்கினார்கள். மேலாளரையோ வீரர்களையோ ஏசவில்லை. அன்று அணி 2-1 என வென்றபோது கொண்டாடினார்கள். கோபம் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது.

ஆயினும் தோற்றார்கள். அதே வாரத்தில் நெவாடா மாநிலம், லாஸ் வேகாஸில் புதிய அரங்கம் கட்ட 38 கோடி டாலர்வரை பொதுப்பணம் தரச் சட்டம் இயற்றியது. நவம்பரில் முப்பது அணிகளின் உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு வாக்களித்தார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் கடைசி ஆட்டம். 1968 முதல் அங்கிருந்த அணி, நான்கு உலகப் பட்டங்களை அந்த ஊருக்குத் தந்த அணி, போயே போய்விட்டது. ஒரு தலைமுறை தன் தந்தையரோடு உட்கார்ந்து பார்த்த ஒன்று, ஒரு கையெழுத்தில் முடிந்தது. இது வெறும் விளையாட்டு என்று சொல்பவர்கள், ஓர் ஊரின் திருவிழாவை வேறோர் ஊருக்கு மாற்றிப் பார்க்கட்டும்.

*

உரிமையாளர்கள் ஏன் இவ்வளவு அச்சமின்றி இருக்கிறார்கள்? ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடங்களுக்குப் போகும் அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். பேஸ்பாலில் 121 முறை தோற்றாலும் அதே பிரிவில்தான் அடுத்த ஆண்டும் ஆடலாம். புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில் தோற்றவர்களுக்கே சலுகை. அணிகளின் வருவாயில் ஒரு பகுதி பொதுவில் பகிரப்படுகிறது. வீரர்களுக்கு ஓர் அணி இவ்வளவாவது செலவிட்டாக வேண்டும் என்ற விதி 2022இல் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் அன்று என்று தீர்ப்பளித்து, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்குத் தந்தது. பிற விளையாட்டுகளுக்கு இல்லாத சலுகை இது. தோற்பதற்குத் தண்டனை இல்லாத தொழிலில், ஏப்ரல் தோல்விக்காக மேலாளரை வெட்டிப் போடுவது உரிமையாளருக்கு மிக மலிவான பரிகாரம். ரசிகரின் கோபமும் தணிந்துவிடும். கணக்குப் புத்தகமும் கலையாது.

பாஸ்டன் ரெட் சாக்ஸின் கதையைக் காணுங்கள். 2018இல் உலகப் பட்டம்; 2019இல் 84 வெற்றி. 2020 பிப்ரவரியில் அவ்வணியின் தலைசிறந்த வீரர் மூக்கி பெட்ஸ், லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பப்பட்டார். பெருந்தொற்றால் 60 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில் பாஸ்டன் 36இல் தோற்றுத் தன் பிரிவின் கடைசி இடத்துக்குப் போனது. வேலையிழந்தவர் யார்? இடையில் வந்து பொறுப்பேற்ற மேலாளர் ரான் ரெனிக்கி. பெட்ஸோ அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸுக்காக உலகத் தொடரை வென்றார்.

அந்த அணியின் முதன்மை உரிமையாளர் ஜான் ஹென்றி, இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணிக்கும் உரிமையாளர். 2021 ஏப்ரல் 18 அன்று, ஐரோப்பாவின் பெரும் பணக்கார அணிகள் சேர்ந்து தமக்கென மூடிய லீக் ஒன்றை அறிவித்தபோது லிவர்பூலும் அதில் இருந்தது. இங்கிலாந்து ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அணி பேதமின்றி, ஜென்மப் பகையாளிகளான கூட்டங்களும் ஒரே குரலில் எதிர்த்தன. இரண்டே நாளில் ஆறு ஆங்கில அணிகளும் பின்வாங்கின. ஹென்றி காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். அதுவும் ஏப்ரல் மாதத்துக் கோபம்தான். அங்கே அவர்கள் பயிற்சியாளரின் தலையைக் கேட்கவில்லை. உரிமையாளரின் கணக்கைக் கேட்டார்கள். அதே மனிதர் ஒரு கரையில் பணிந்தார். மறுகரையில் பணிய வேண்டிய தேவையே அவருக்கு நேரவில்லை.

வேறுபாடு இதுதான். 2023இல் முப்பது உரிமையாளர்களும் ஒன்றாக வாக்களித்தார்கள். ஓக்லண்ட் ரசிகர்களோ தனியாக நின்றார்கள். மற்ற இருபத்தொன்பது அணிகளின் ரசிகர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவரவர் அணியின் அன்றைய தோல்விக்கு அவரவர் மேலாளரை ஏசிக்கொண்டிருந்தார்கள்.

வாஷிங்டனின் பிற்கதையையும் சொல்லிவிட வேண்டும். பட்டம் வென்ற பிறகு 2020 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் அங்கே தோல்விகளே மிகுதி. 2021 ஜூலையில் டிரே டர்னரும் மேக்ஸ் ஷெர்சரும் அனுப்பப்பட்டார்கள். 44 கோடி டாலர் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்த சோட்டோவும் 2022 ஆகஸ்டில் போனார். அந்த ஆண்டு 107 தோல்விகள். உரிமையாளர் குடும்பம் அணியை விற்கப் போவதாகச் சொல்லிப் பின்னர் விற்கவில்லை. கடைசியில் 2025 ஜூலை 6 அன்று மார்ட்டினஸ் நீக்கப்பட்டார். 2019 மே மாதத்தில் கேட்ட தலை ஆறாண்டு தாமதமாகக் கிடைத்தது. அணி அந்த ஆண்டு 96 முறை தோற்றது. உரிமையாளர் குடும்பம் அப்படியே இருந்தது.

ரசிகர்களே, கோபப்படுங்கள். சீட்டுக்குக் காசு கொடுப்பவர்கள், பிள்ளைகளுக்கு அந்தச் சட்டையை வாங்கித் தருபவர்கள், பொது அரங்கத்துக்கு வரி செலுத்துபவர்கள் நீங்கள். உங்கள் கோபத்தை அற்பம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அது அருமையான பொருள் என்பதால்தான் அதை வீணடிக்காதீர்கள் என்கிறேன். விரல் முறிந்தவனையும், பத்து நாள் பந்து படாத மட்டையையும் விட்டுவிடுங்கள். ஏப்ரலில் பொறுங்கள், அந்தப் பொறுமையை டிசம்பருக்குக் கொண்டுபோகாதீர்கள். வென்ற அணி துண்டுதுண்டாக விற்கப்படும்போது கேளுங்கள். உங்கள் ஊர் அணிக்கு நடக்கும்போது மட்டுமல்ல, அடுத்த ஊர் அணிக்கு நடக்கும்போதும் கேளுங்கள்.